கிடக்கிறது வெறுஞ்சாமான்

முருகைத்தீவில் ஒரு சட்டம் இருந்தது. கொழும்பில் கை தூக்கி நிறைவேற்றிய சட்டமல்ல. இறங்குதுறையில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சட்டம். காஸ் சிலிண்டரோ மண்ணெண்ணெய்ப் பீப்பாவோ, உள்ளே சரக்கு இருந்தால் நிமிர்த்தி வைக்கவேண்டும். வெறுமையாகிவிட்டால் கிடத்திவிட வேண்டும். கிடப்பதெல்லாம் வள்ளம் ஏறி எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்குப் போகும். நிற்பதெல்லாம் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏறி ஊருக்குள் போகும். படித்தவன், படியாதவன், கண் மங்கினவன், கள்ளு வெறியில் நிற்பவன் எல்லோருக்கும் ஒரே பார்வையில் விளங்கும். நாட்டில் இதைவிடத் திறமாக நடந்த சட்டம் வேறொன்று இருந்தால் காட்டட்டும்.

"நிக்கிறது நிறைசாமான், கிடக்கிறது வெறுஞ்சாமான். பாத்துத் தூக்குங்கோடா!" என்று துறையில் நின்று கத்துகிறவர் சூசைப்பிள்ளை. வாலிபம் முழுவதையும் அந்தத் துறையிலேயே முதுகில் சுமந்து இறக்கிய மனிதர். பிறகு முட்டு வருத்தம் வந்து அவருடைய நெஞ்சில் குடியிருந்துகொண்டது. நாலு அடி நடந்தால் மூச்சு விசிலடித்தது. சுமக்கிறதை விட்டார், கத்துகிறதை மட்டும் விடவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுபோய்த் துறையடியில் போட்டு இருந்துகொண்டு, மூச்சு உள்ள மட்டும் கத்தினார்.

அவருடைய மனைவி மேரிசுகந்தி தீவின் ஆசுப்பத்திரியில் சிற்றூழியர். கூட்டுவது, கழுவுவது, நோயாளியைத் தள்ளுவது, தேத்தண்ணி போடுவது எல்லாம் அவள்தான். அவளுக்கு மேலே இருந்த ஒரே நேர்ஸ் சரவணையிலிருந்து மாற்றலாகி வந்த சுலோஜனா. ஊரெல்லாம் சுலோஜனா மிஸ்ஸி. டொக்டர்மார் வருவார்கள், கடலைப் பார்ப்பார்கள், மாற்றல் கேட்டுப் போவார்கள். மிஸ்ஸி மட்டும் போகவில்லை.

ஆசுப்பத்திரிக்கு வரும் ஒட்சிசன் சிலிண்டர்களும் அதே வள்ளத்தில் அதே கைகளால் வந்தவை. அதனால் துறையின் சட்டம் அவற்றோடு கூடவே வந்து வார்ட்டுக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டது. ஐந்து சிலிண்டர், நிறைந்தவை நிற்கும், தீர்ந்தவை கிடக்கும். அந்தச் சட்டத்தை நம்பியே ஆகவேண்டிய நிலைமையும் இருந்தது. சிலிண்டரின் தலையில் பூட்டுகிற கருவியில், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள் ஒன்று உண்டு. உப்புக்காற்று அந்த முள்ளைக் கறள் பிடிக்க வைத்து நட்டநடுவில் நிறுத்திவிட்டது. நிறைந்ததற்குப் பூட்டினாலும் பாதி, வெறுமைக்குப் பூட்டினாலும் பாதி. புதிது தாருங்கள் என்று மிஸ்ஸி எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். திணைக்களம் அம்மியைவிடக் கனம்.

இப்படியிருக்கத்தான் நோயாளர் பாதுகாப்புத் திட்டம் வந்தது. நாட்டிலுள்ள எல்லா ஆசுப்பத்திரிகளையும் ஒரே அளவுகோலால் அளந்து புள்ளி போடப் போகிறார்களாம். நல்ல புள்ளி எடுக்கிற ஆசுப்பத்திரிகளுக்கு முதலில் சாமான் வருமாம், ஆள் வருமாம். இதைக் கேட்டதும் மிஸ்ஸிக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"அக்கா, இந்தப் புள்ளியை மட்டும் எடுத்துப்போட்டமெண்டால் புது மீற்றர் கேக்கலாம். இன்னொரு நேர்ஸ் கேக்கலாம். கடல் அம்புலன்சும் கேக்கலாம்," என்றாள்.

"கேக்கலாம் மிஸ்ஸி. தருவினமோ?"

"நீங்கள் முதல்லை சுவரைக் கழுவுங்கோ."

சுகந்தி கழுவினாள். சுவர், நிலம், கட்டில் கால், ஜன்னல் கம்பி என்று கைக்கு எட்டினதையெல்லாம் கழுவினாள். கழுவக் கழுவ அவளுக்கும் ஆசை பிடித்துவிட்டது. சூசைப்பிள்ளைக்கு முட்டு இழுக்கிற இரவுகளில் அவள் பட்ட பாட்டுக்கு, கடல் அம்புலன்ஸ் என்ற சொல்லே பாதி மருந்தாக இருந்தது.

புள்ளி போட வந்த குழுவுக்குத் தலைவர் டொக்டர் லவன். பக்கத்துத் தீவில், சுருவிலில் பிறந்து கொழும்பில் பெரியவராகிப் போனவர். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். வள்ளத்தால் இறங்கியதும் துறையடியில் இருந்த சூசைப்பிள்ளையிடம் நின்று சுகம் விசாரித்தார். வார்ட்டைப் பார்த்தார், மருந்து அலுமாரியைப் பார்த்தார், தலையாட்டினார். சிலிண்டர் அறைக்குள் வந்ததும் மட்டும் முகம் மாறிவிட்டது.

"என்ன மிஸ், இதைப் போய்க் கிடத்தி வைச்சிருக்கிறியள்? உருண்டு ஆற்றையும் காலிலை ஏறினால்? மேலை இருக்கிற மூக்குத் திருகு உடைஞ்சால் இது வெடி மாதிரிப் பாயும். எல்லாத்தையும் நிமித்திச் சங்கிலி போடவேணும்."

"சேர், கிடக்கிறது வெறுசு. அது இஞ்ச அடையாளம்," என்றாள் சுகந்தி. பெரியவர்களுக்கு நடுவில் வாய் திறந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் சிரித்தார். பழிக்கிற சிரிப்பில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா. நானும் தீவான்தான். ஆனா நாடு முழுக்க ஒரு முறை இருக்கவேணும். நாளைக்கு வேற ஊர் நேர்ஸ் ஒராள் இஞ்ச வந்தால் அவவுக்கு உங்கட அடையாளம் விளங்குமே? நிறைஞ்சது, பாவிக்கிறது, வெறுசு எண்டு மூண்டு நிறத்திலை அட்டை அடிக்கிறம். கழுத்திலை தொங்கவிடலாம்."

"அட்டை எப்ப சேர் வரும்?" என்று மிஸ்ஸி கேட்டாள்.

"அடுத்த கட்டத்திலை. சங்கிலி இப்பவே கொண்டுவந்தனாங்கள்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் கொடுமை. பிழையான சொல்லென்றால் மிஸ்ஸி மறுத்துப் பேசியிருப்பாள். சங்கிலி ஒரு கட்டம், அட்டை இன்னொரு கட்டம் என்று பாதுகாப்பைப் பாதியாக வெட்டி அனுப்பிய புண்ணியவான் யாரென்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. ஆணி அறைந்து ஐந்து சிலிண்டரையும் நிமிர்த்திச் சங்கிலி போட்டார்கள். நிறைந்த மூன்றும் முன்வரிசை, வெறுமையான இரண்டும் பின்மூலை. மிஸ்ஸி வெண்கட்டி எடுத்து வெறுமையானவற்றில் குறுக்கும் மறுக்குமாக ஒவ்வொரு புள்ளடி போட்டாள்.

"அக்கா, முன்னுக்கு நிக்கிறது நிறைஞ்சது. மறக்கக் கூடாது."

"மறப்பனே மிஸ்ஸி?"

குசினியில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. தீவுக்கு வந்தவர்களை நண்டுக்கறி தின்னவிடாமல் அனுப்பினால் ஊருக்கு மானம் போய்விடும். சூசைப்பிள்ளை விடியவே துறையில் நின்று பார்த்துப் பொறுக்கி அனுப்பிய நண்டு. சுகந்தி அகப்பையும் கையுமாக ஓடித்திரிந்த அந்த நேரத்தில்தான் குழுவோடு வந்த படமெடுக்கிற ஆள் கூப்பிட்டார்.

"அக்கா, உந்தக் கறள் பிடிச்சது முன்னுக்கு நிண்டால் படம் வடிவா வராது. அந்த மினுங்கிறதை முன்னுக்கு எடுத்து விடுங்கோ. வெண்கட்டிக் கீறலையும் துடையுங்கோ, ஊத்தையாத் தெரியுது."

மினுங்கினது அண்மையில் பெயின்ற் அடித்து வந்த சிலிண்டர். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாகப் புது மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. கறள் பிடித்தது பார்வைக்குக் கிழடு. வயிறு முட்டக் காற்று. சுகந்தி சங்கிலியைக் கழட்டி, இரண்டையும் உருட்டி இடம் மாற்றித் திரும்பப் பூட்டினாள். வெண்கட்டியைச் சீலைத் துண்டால் துடைத்தாள். படம் எடுத்து முடிய மாற்றிவிடலாம் என்று நினைத்தாள், நினைத்தது உண்மை. அதற்குள் நண்டு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஓடினாள்.

பிறகு இலை போட்டது, தண்ணி வார்த்தது, கோது அள்ளினது, வந்தவர்களை வள்ளம் ஏற்றினது. மாலையில் சட்டி மினுக்கும்போது அவள் மனம் கடல் அம்புலன்சில் போய்க்கொண்டிருந்தது. சிலிண்டர் நினைப்பு வரவே இல்லை. துறையின் பழைய சட்டம் இருந்திருந்தால் நினைக்கவே தேவையில்லை. கிடப்பது கிடந்திருக்கும், கண் பார்த்திருக்கும். இப்போது ஐந்தும் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றன.

சோளகக் காற்று உரத்து வீசத் தொடங்கிய கிழமையில் சூசைப்பிள்ளைக்கு முட்டு பிடித்தது. ஒருநாளும் பிடிக்காத பிடி. விடிந்ததும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மிஸ்ஸி முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தாள், ஊசி ஏற்றினாள், கரண்டில் ஓடுகிற காற்று மெஷினை மூக்கில் பூட்டினாள். கொஞ்சம் தெளிந்தார். ஆனால் அந்த மெஷின் வள்ளத்தில் ஏறாது. இரவில் கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். டொக்டர் லீவில் போயிருந்தார். மிஸ்ஸி பட்டணத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். உடனே அனுப்புங்கள், குறிகட்டுவானுக்கு அம்புலன்ஸ் வரும் என்றார்கள்.

"அக்கா, வார்ட்டிலை ரெண்டு காய்ச்சல் பிள்ளையள் கிடக்கு, என்னாலை விட்டுட்டு வரேலாது. நீங்கள்தான் கூடப் போகவேணும். கெதியாச் சிலிண்டரை எடுங்கோ."

சுகந்தி அறைக்குள் ஓடினாள். முன்னுக்கு நின்றதை எடுத்தாள். மினுங்கியது. ஒரு கணமாவது யோசித்தாளா என்று பிறகு தன்னைத் தானே எத்தனை தரமோ கேட்டுப் பார்த்துவிட்டாள். யோசிக்கவில்லை. முன்னுக்கு நிற்பது நிறைந்தது. மிஸ்ஸி சொன்னது அதுதான். கருவியைப் பூட்டித் திறந்தபோது சீறியது. தீர்ந்துபோன சிலிண்டருக்குள்ளும் அடியில் கொஞ்சம் தங்கும், திறந்தவுடன் அதுவும் சீறும் என்பது அவளுக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. முள் வழக்கம்போல நடுவில் நின்றது. கருவியோடு சேர்ந்த தண்ணீர்ப் போத்தலில் குமிழி மளமளவென்று வந்தது.

வள்ளம் யசிந்தனுடையது. பயணிகள் ஒதுங்கி நடுவில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். சிலிண்டரை மரத்தூணோடு நிமிர்த்திக் கட்டினார்கள். சூசைப்பிள்ளை தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். முகமூடிக்குள் உதடு அசைந்தது. சுகந்தி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நிக்குது," என்றார். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "நிறைசாமான். பயமில்லை."

"ஓமோம். கதையாதேங்கோ. மூச்சை எடுங்கோ."

 அவர் தன் சட்டத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தீவின் பனைகள் கண்ணில் சிறுத்துப்போன இடத்தில் குமிழி மெலிந்தது. முதலில் வள்ளத்தின் ஆட்டம் என்று நினைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு நின்றது. சுகந்தி திருகைத் திறந்தாள், இன்னும் திறந்தாள், போத்தலைத் தட்டினாள், குழாயை உருவினாள். முள் நடுவிலேயே நின்று பாதி இருக்கிறது, பாதி இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"யசிந்தன், கெதியா விடு ராசா! காத்து நிண்டுபோச்சு!"

"இதுக்கு மேல ஓடாது மாமி! அலையைப் பாருங்கோ!"

முன்னால் குறிகட்டுவான் ஒரு கோடாகத் தெரிந்தது. அது கிட்ட வரவே மாட்டேன் என்றது. சூசைப்பிள்ளை முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழும்பப் பார்த்தார். நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்பியது. கடல் முழுக்கக் காற்று. சீலையைப் பறிக்கிற காற்று, அலையை மலையாக எழுப்புகிற காற்று. அவருக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை. சுகந்தி அவரைத் தன் மடியில் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினாள். பயணிகள் "மாதாவே, மாதாவே" என்று அழுதார்கள். அவருடைய கை அவளுடைய சட்டையைப் பிடித்தபடி இருந்து, பிறகு பிடிக்காமல் இருந்தது.

நிற்கவேண்டிய மனுசன் கிடந்தார். கிடக்கவேண்டிய சாமான் தூணோடு நிமிர்ந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு நண்டு அடிப்பிடித்த மணம் வந்தது. கறள் பிடித்ததை மூலைக்கு உருட்டிய தன் கை தெரிந்தது. வள்ளம் கரை தட்டியபோது அம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அன்றைக்கு மாலை அதே வள்ளத்தில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சேமக்காலையில் மண் போட்டு வந்த மறுநாள் சுகந்தி ஆசுப்பத்திரிக்குப் போனாள். அறைக்குள் போய் மூலையில் நின்ற கறள் சிலிண்டரைத் திறந்தாள். காற்று வந்தது. முகத்தை அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். வந்துகொண்டே இருந்தது, குறிகட்டுவானுக்குப் போய்த் திரும்பி, மறுபடி போகவும் காணும் என்பதுபோல வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. சத்தம் கேட்டு வந்த மிஸ்ஸி திருகைப் பூட்டவில்லை. அவளும் பக்கத்தில் இருந்து, "நான்தான் அக்கா நிமித்த விட்டனான், நான்தான் விட்டனான்," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் சுகந்திதான் எழும்பிப் பூட்டினாள்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் டொக்டர் லவனின் குழுவில்லை, வேறு கிளை.

"நாங்கள் ஆரையும் பிழை பிடிக்க வரேல்லை. புது முறையிலை பேரே எழுதமாட்டம். ஊழியர், நோயாளி, அவ்வளவுதான். அப்பத்தான் எல்லாரும் பயமில்லாமல் உண்மை சொல்லுவினம்," என்றார்கள்.

உண்மை சொல்லப்பட்டது. முள், சங்கிலி, வராத அட்டை, வெண்கட்டி, படம், நண்டு எல்லாவற்றையும் மிஸ்ஸி சொன்னாள். சுகந்தியும் சொன்னாள். வந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். கொழும்புக்குப் போய் வடிந்து வடிந்து கடைசியில் வந்தது ஒரே ஒரு வரி: சிற்றூழியருக்குப் பயிற்சி போதாது, பயிற்சிக்கு அனுப்பவும். அதே வள்ளத்தில் இன்னொரு பொதியும் வந்தது. மிஸ்ஸி அட்டையாக்கும் என்று ஓடிப்போய்ப் பிரித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றிதழ். ஆசுப்பத்திரி நல்ல புள்ளி எடுத்துவிட்டது.

"கண்டறியாத பயிற்சி! நீங்கள் போகாதேங்கோ அக்கா. நான் கதைக்கிறன்," என்று மிஸ்ஸி பொரிந்தாள்.

"இல்லை மிஸ்ஸி, போறன். எனக்குத் தெரியாதது என்ன எண்டு பாப்பம்."

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு போனாள். பட்டணத்தில் ஒரு மண்டபம். வடக்கின் சின்னச் சின்ன ஆசுப்பத்திரிகளிலிருந்தெல்லாம் நேர்ஸ்மாரும் சிற்றூழியரும் வந்திருந்தார்கள். மேடையில் டொக்டர் லவன். கறுப்புச் சீலையோடு பின்வரிசையில் இருந்த சுகந்தியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கை கழுவுவது பற்றிச் சொன்னார், ஊசி மாறாமல் பார்ப்பது பற்றிச் சொன்னார். எல்லாம் நல்ல கதைகள். பிறகு சுவரில் ஒரு படம் விழுந்தது.

"இது ஒரு தீவு ஆசுப்பத்திரி. வசதி எண்டு ஒண்டுமில்லை. ஆனா பாருங்கோ, என்ன வடிவா வைச்சிருக்கினம். இவையளுக்கு ஒருக்காக் கை தட்டுங்கோ."

தட்டினார்கள். ஐந்து சிலிண்டர், புதுச் சங்கிலி, கழுவின சுவர். ஓரத்தில் அகப்பை பிடித்த கை ஒன்று பாதி விழுந்திருந்தது. அது தன் கை என்று சுகந்திக்குத் தெரிந்தது. அவள் எழும்பினாள்.

"சேர், இதிலை வெறுஞ்சிலிண்டர் எது?"

"நல்ல கேள்வி அம்மா," என்றார் அவர். உண்மையாகவே சந்தோசப்பட்டார். "எல்லாரும் பாத்துச் சொல்லுங்கோ பாப்பம்."

"மூலையிலை நிக்கிற கறள் பிடிச்சது," என்றது முன்வரிசை. ஓம், அதுதான், அதுதான் என்று மண்டபம் முழுக்கச் சொன்னது. டொக்டர் லவனும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அது நிறைஞ்சது," என்றாள் சுகந்தி. "நான் திறந்து பாத்தனான். முன்னுக்கு நிண்டு மினுங்கிறதுதான் வெறுசு. அதைத்தான் என்ரை மனுசனுக்குப் பூட்டிக்கொண்டு வள்ளம் ஏறினனான். பாதிக் கடலிலை நிண்டுபோச்சு."

 டொக்டர் லவன் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். 

"நீங்களோ அந்த அறிக்கையிலை வந்த ஊழியர்? அந்த நோயாளி..."

"சூசைப்பிள்ளை," என்றாள். "அவருக்குப் பேர் சூசைப்பிள்ளை. துறையடியிலை கதிரை போட்டு இருந்தவர். நீங்கள் நிண்டு சுகம் கேட்டனீங்கள். அண்டைக்கு நீங்கள் திண்ட நண்டு அவர் பொறுக்கினது."

 அவர் மிகவும் சின்னக் குரலில் கேட்டார்:

"இப்ப எப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"சங்கிலியைக் கழட்டிப்போட்டம். வெறுசு கிடக்குது. புள்ளி வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ."

சொல்லிவிட்டு அவள் கதிரையில் இருந்தாள். ஒருவரும் படத்தை மாற்றவில்லை. ஐந்து சிலிண்டரும் சுவரில் நிமிர்ந்தபடியே நின்றன.